சாவி போட்டா புகை, மேடு தாண்டினா மௌனம்: ஒரு அம்பாசடர்ல ஷார்ட் தேடின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

வழக்கமா இங்க சர்வர், டேட்டாபேஸ், நடுராத்திரி ப்ரொடக்‌ஷன்ல வெடிச்ச பக்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கும் ஒரு பக் தான். ஆனா அது 1976 மாடல் அம்பாசடர் மார்க் 3-க்குள்ள இருந்தது. இடம், திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம், எங்க பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை. மாடெல்லாம் வித்துப் பல வருஷமாச்சு. இப்ப அங்க கட்டியிருக்கிறது அம்பாசடர் மட்டும்தான்.

அந்த வண்டிக்கு ஒரு வரலாறு இருக்கு. ஆரணிப் பக்கத் தறிகள்ல இருந்து பட்டுப்புடவை வாங்கி, வெள்ளைத் துணியில மூட்டை கட்டி, பின் சீட்ல அடுக்கி, காஞ்சிபுரம் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது அதுதான். பெரியப்பா வியாபாரத்தை விட்டுட்டார், வண்டியை விடல.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி பெரியம்மா போன் பண்ணாங்க. போளூர் ரோட்ல போயிட்டிருக்கும்போது டேஷ்போர்டுக்குக் கீழ இருந்து புகை. பெரியப்பா வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, தோள்துண்டைக் கையில சுத்திக்கிட்டு பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிப் போட்டிருக்கார். டெர்மினல் லூசா இருந்தது அன்னைக்கு ஒரு நாள் நல்லதாப் போச்சு. முன் சீட்ல பெரியம்மா உட்கார்ந்திருந்தாங்க. அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டான், "காயலான் கடையில போட்டுடலாம். இதுல இனி யாரும் ஏறக் கூடாது."

அவன் சொன்னது தப்பே இல்ல. பெட்ரோல் வண்டி, பக்கத்துலயே பெட்ரோல் லைன், பழைய வயர். நான் ரெண்டு நாள் டைம் கேட்டேன். புகை எங்கிருந்து வந்ததுன்னு காரணத்தோட சொல்ல முடியலன்னா நானே காயலான் கடைக்காரருக்குப் போன் பண்றேன்னு சொன்னேன்.

விசாரிச்சப்பதான் தெரிஞ்சது, புகை வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே வேற ஒரு தொல்லை இருந்திருக்கு. ஸ்பீட் பிரேக்கர் தாண்டி, கியர் மாத்தி, மெதுவா ஆக்ஸிலேட்டர் கொடுத்து நிதானமா ஓட ஆரம்பிச்சதும், சில நாள்ல இன்ஜின் பட்டுனு நின்னுடும். சாவியைத் திருப்பி ஆஃப் பண்ண மாதிரி. இருமல், திணறல் எதுவும் கிடையாது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்து பார்த்தா ஒண்ணுமே இருக்காது. செல்ஃப் அடிச்சா உடனே ஸ்டார்ட் ஆகும். முதல்ல காயில் மாத்தினாங்க. ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு, மறுபடி அதே கதை. கண்டென்சர் மாத்தினாங்க. மறுபடியும் அதே. கடைசியா ஒருத்தர், "இக்னிஷன் சுவிட்ச்ல தான் கோளாறு, டைரக்ட் கொடுத்துடலாம்"னு பேட்டரியில இருந்து காயிலுக்குத் தனியா ஒரு வயர் இழுத்து, டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு சின்ன சுவிட்ச் வெச்சுட்டார். இந்த 'டைரக்ட்'ங்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க.

இங்க சர்க்யூட்டைப் புரிஞ்சிக்கணும், இல்லன்னா மீதிக் கதை புரியாது.

பழைய பெட்ரோல் கார்கள்ல இருக்கிறது அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்குல கேடிலாக் காருக்குக் கொண்டு வந்த இக்னிஷன் வழியோட வாரிசு. பேட்டரியில இருந்து கரண்ட் சாவி சுவிட்சுக்கு வரும். அங்கிருந்து இக்னிஷன் காயிலுக்கு. காயிலோட இன்னொரு முனையில இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பாயிண்டுக்கு. பாயிண்ட்ங்கிறது சின்ன சுவிட்ச்தான். இன்ஜின் சுத்தச் சுத்த ஒரு கேம் அதைத் திறந்து மூடிக்கிட்டே இருக்கும். மூடியிருக்கும்போது கரண்ட் காயில் வழியா ஓடி, பாயிண்ட் வழியா வண்டி பாடிக்கு, அதாவது எர்த்துக்குப் போயிடும். அப்ப காயிலுக்குள்ள காந்தப்புலம் உருவாகும். பாயிண்ட் திறந்த கணத்துல கரண்ட் அறுந்து, காந்தப்புலம் சரிஞ்சு, காயிலோட ரெண்டாவது சுத்துல பல ஆயிரம் வோல்ட் எகிறும். அதுதான் ஸ்பார்க் பிளக்ல பொறி.

ஸ்பார்க் வர்றது பாயிண்ட் மூடும்போது இல்ல, திறக்கும்போது. நாலு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.ல ஓடினா நிமிஷத்துக்கு 6000 ஸ்பார்க், நொடிக்கு 100. நொடிக்கு 100 தடவை எர்த்தோட சேர்ந்து, 100 தடவை பிரிஞ்சாதான் இன்ஜின் ஓடும்.

இப்ப ஷார்ட்டுக்கு வருவோம். ஷார்ட்னா என்ன? போகக் கூடாத இடத்துல வயர் எர்த்தைத் தொடுறது. காயிலுக்கு முன்னாடி, அதாவது சாவிக்கும் காயிலுக்கும் நடுவுல தொட்டா, பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவுல வெறும் வயர் மட்டும்தான். கார் பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்ப் தள்ளும். வயர் பழுத்து, உறை உருகி, புகை. ஆனா காயிலுக்குப் பின்னாடி, காயிலுக்கும் பாயிண்டுக்கும் நடுவுல தொட்டா? காயிலோட 3 ஓம் சொச்சம் ரெசிஸ்டன்ஸ் நடுவுல நிக்குது. 12 வோல்ட்டை 3-ஆல வகுத்தா 4 ஆம்ப். அது வழக்கமா ஓடுற கரண்ட் தானே! அதனால எதுவும் எரியாது, ஃபியூஸ் போகாது, புகை வராது. பாயிண்ட் மூடியே கிடக்கிற மாதிரி ஆயிடும். கரண்ட் அறுபடாது, ஸ்பார்க் கிடையாது, இன்ஜின் நின்னுடும், அவ்வளவுதான்.

காயிலுக்கு இந்தப் பக்கம் ஷார்ட்னா புகை, அந்தப் பக்கம் ஷார்ட்னா மௌனம். பெரியப்பா வண்டியில ரெண்டுமே வந்திருக்கு. அதனால போகும்போதே எனக்கு ஒரு சந்தேகம், இது ஒரு பக் இல்ல, ரெண்டு. ரெண்டாவது, முதலாவதுக்குப் போட்ட பேட்ச்ல இருந்து வந்தது.

காயில் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கிறது சுலபம். பழைய லூகாஸ் காயில் மேல 'எஸ்.டபிள்யூ', 'சி.பி.'ன்னு பொறிச்சிருக்கும். சுவிட்ச் பக்கம், கான்டாக்ட் பிரேக்கர் பக்கம்னு அர்த்தம். புதுசுன்னா பிளஸ், மைனஸ். லூகாஸ் வயர் நிறமும் உதவும்: பிரவுன்னா பேட்டரியில இருந்து நேரா வர்றது, வெள்ளைன்னா சாவி போட்டதும் உயிர் வர்றது, பச்சைன்னா சாவிக்குப் பிறகு ஃபியூஸ் தாண்டினது, வெள்ளையில கறுப்புக் கோடு காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு, கறுப்பு எர்த். அம்பாசடர் பிறந்தது உத்தர்பாராவுல. ஆனா அதோட மூலம் பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, எலக்ட்ரிகல் முறை லூகாஸ் வழி. சென்னை பாடியில லூகாஸ் டி.வி.எஸ். 1961-ல ஆரம்பிச்ச கதை உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். வண்டலூர்ல உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வீட்ல நிக்குதுன்னா அதுக்கும் இதே நிற அகராதிதான். (வெளிநாட்டு பழைய கார் பிரியர்கள் லூகாஸை 'இருளின் இளவரசன்'னு கிண்டல் பண்ணுவாங்க. லைட்டெல்லாம் திடீர்னு அணைஞ்சுடுமாம். எனக்கென்னவோ பாதிப் பழி பின்னாடி கை வெச்சவங்களுக்குச் சேரணும்னு தோணுது.) ஆனா ஒண்ணு, நாப்பது வருஷத்துல நாலு பேர் கை வெச்ச வண்டியில நிறத்தைக் கண்ணை மூடி நம்பாதீங்க. பெரியப்பா வண்டியில ஹார்ன் வயர் பாதி தூரம் ஊதா, மீதி வீட்டு வயரிங் மஞ்சள்.

அந்தப் பழைய முறையில வெள்ளை வயர்ல காயில் வரைக்கும் ஃபியூஸே கிடையாது. இந்த மாதிரி வண்டியில மொத்தமே ரெண்டு ஃபியூஸ்தான். ஒண்ணு ஹார்ன் மாதிரி எப்பவும் இருக்கிறதுக்கு, இன்னொண்ணு சாவி போட்டதும் வேலை செய்ற வைப்பர், பெட்ரோல் மீட்டர் மாதிரிச் சமாச்சாரங்களுக்கு. இக்னிஷனுக்கு இல்ல. ஃபியூஸ் போய் நடுரோட்ல வண்டி நிக்கக் கூடாதுன்னு நியாயம் சொல்லுவாங்க. அதுக்குப் பதிலா வயரே ஃபியூஸா எரியட்டும்ங்கிறது எனக்கு ஒத்து வரல.

சரி, கொட்டகைக்கு வருவோம். முதல் வேலை பேட்டரியைக் கழட்டுறது. எர்த் டெர்மினலை முதல்ல கழட்டுங்க. உயிருள்ள டெர்மினல்ல ஸ்பேனர் வெச்சிருக்கும்போது அது பாடியில பட்டா அதுவே பெரிய ஷார்ட். எர்த்தைக் கழட்டிட்டா பட்டாலும் ஒண்ணும் ஆகாது. எந்த முனை எர்த்னும் பார்த்துக்குங்க. ரொம்பப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல பாசிட்டிவ் பாடிக்குப் போகும். பெரியப்பா வண்டியில நெகட்டிவ்.

அடுத்து, கையில மல்ட்டிமீட்டர் இருக்கேன்னு பஸ்ஸர் வெச்சுத் தேடாதீங்க. முதல் மணி நேரம் நான் அந்தத் தப்பைப் பண்ணேன். காயில்ல வெச்சா 'பீப்'. ஆஹா ஷார்ட்னு குதிச்சேன். ஷார்ட் எல்லாம் இல்ல. சில பத்து ஓமுக்குக் கீழ இருந்தாலே பஸ்ஸர் கத்தும், நல்ல காயிலே 3 ஓம்தான். போதாததுக்கு பாயிண்ட் மூடியிருந்தா அந்த முழு சர்க்யூட்டும் டிசைன்படியே எர்த்துல இருக்கு. எவ்வளவு நல்ல காயில் இந்த பீப்பை நம்பிக் குப்பைக்குப் போயிருக்குமோ!

பஸ்ஸரை விட நல்ல கருவி 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. ஹோல்டர்ல ரெண்டு வயர் சேர்த்து, பேட்டரி எர்த் முனைக்கும் கழட்டின எர்த் கேபிளுக்கும் நடுவுல அதை மாட்டிடணும். இப்ப வண்டிக்குப் போற எல்லாக் கரண்ட்டும் அந்தப் பல்பு வழியாத்தான் போகணும். 21 வாட்டை 12-ஆல வகுத்தா 1.75 ஆம்ப். வண்டிக்குள்ள எவ்வளவு மோசமான ஷார்ட் இருந்தாலும் இதுக்கு மேல போகாது, எந்த வயரும் எரியாது. பல்பு முழுசா எரிஞ்சா ஷார்ட். மங்கலா எரிஞ்சா ஏதோ லோடு இருக்கு. எரியலன்னா சுத்தம். இந்த நிலையில செல்ஃப் மட்டும் அடிக்காதீங்க, பல்பு தாங்காது.

இன்னொரு சின்ன வேலை. பாயிண்ட் மூடியிருந்தா சாவி போட்டதும் காயில் வழியா நியாயமாவே கரண்ட் ஓடி பல்பு மங்கலா எரியும், குழப்பும். அதனால டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகிட்டேன். என் பழைய கம்பெனி கார்டு. முதல் தடவையா ஒரு பிரயோஜனம்.

இதுக்கு அப்புறம் நடந்தது நம்ம ஆளுங்க தினம் பண்றதுதான், பைனரி சர்ச். கோடுல எந்த கமிட் உடைச்சதுன்னு தெரியலன்னா பாதியில வெட்டிப் பார்ப்போம் இல்லையா? இங்க சாவிதான் முதல் வெட்டு. சாவி ஆஃப்: பல்பு எரியல. அப்ப பிரவுன் வயர் பக்கம் சுத்தம். சாவி ஆன்: டேஷ்போர்டுல சிவப்பு வார்னிங் லைட் மட்டும் வந்தது, என் பல்பு எரியல. வெள்ளை வயரும் சுத்தம்! சாவியைத் திரும்ப ஆஃப் பண்ணிட்டு, கீழ ஒளிச்சு வெச்ச அந்த 'டைரக்ட்' சுவிட்சைத் தட்டினேன். கொட்டகையே வெளிச்சம்.

வயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல ஒரு ஓட்டை போட்டு வயரை விட்டிருக்காங்க, ரப்பர் வளையம் போடல. தகர விளிம்பு கத்தி மாதிரி. ஆறு மாச அதிர்வுல உறை அறுந்து செம்பு வெளிய வந்து, அந்த இடம் கரியாக் கிடந்தது. ஃபியூஸ் இல்ல, வயரும் மெல்லிசு. பெரியப்பா கையில துண்டு இல்லாமப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்தக் கரியைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சது. வண்டியோட சொந்த வயரிங் 1976-ல இருந்து நல்லாத்தான் இருந்திருக்கு. எரிஞ்சது 'ரிப்பேர்'.

அந்த வயரை முழுசா உருவி எடுத்தேன். அண்ணன் பார்த்துட்டு, "சரி, புகை போச்சு. ஆனா நடுரோட்ல நிக்கிற வியாதி?"ன்னான். அதான் அசல் பக்.

ரெண்டாம் நாள். பல்பை எடுத்துட்டு பேட்டரியை நேரா இணைச்சேன். விசிட்டிங் கார்டு பாயிண்ட் நடுவுலயே இருக்கு. மீட்டரை வோல்ட்ல வெச்சு, ஒரு முள் காயிலோட சி.பி. முனையில, இன்னொண்ணு எர்த்துல. சாவி ஆன். 12 வோல்ட் காட்டணும், காட்டுச்சு. எங்கயாவது எர்த்தைத் தொட்டா அது பூஜ்யத்துக்கு விழணும். வெள்ளை-கறுப்பு வயரை ஆட்டினேன், காயிலைத் தட்டினேன், டிஸ்ட்ரிபியூட்டரை உலுக்கினேன். 12, 12, 12. பெரியப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துட்டிருந்தார். "மேட்டுல வேகம் குறைச்சு, திரும்ப லேசா மிதிச்சாத்தான் நிக்கும்டா. சும்மா ஆட்டினா நிக்காது"ன்னார்.

இதைத்தான் நான் முதல்லயே கேட்டிருக்கணும். யூசர் சொல்றதைக் கேக்காம லாக் பார்த்துட்டு இருக்கிற வியாதி நமக்கு.

லேசா மிதிச்சா என்ன நடக்கும்? டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுல வட்டமா ஒரு டப்பா இருக்கும், வேக்குவம் அட்வான்ஸ். கார்புரேட்டர்ல இருந்து ஒரு மெல்லிய குழாய் அதுக்கு வரும். ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சு நிதானமா ஓட்டும்போது உறிஞ்சு சக்தி அதிகமாகி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டைக் கொஞ்சம் திருப்பி, ஸ்பார்க்கை முன்கூட்டியே வர வைக்கும். மைலேஜுக்காக. அப்ப தட்டு நகருது. தட்டோட ஒரு குட்டி வயரும் நகருது.

குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழட்டி, நுனியைத் துடைச்சு, வாயில வெச்சு உறிஞ்சினேன். பழைய மெக்கானிக்குங்க பண்ற வித்தைதான். தட்டு திரும்புச்சு. மீட்டர் 12-ல இருந்து பூஜ்யம். விட்டேன், 12. உறிஞ்சினேன், பூஜ்யம். பெரியப்பா ஸ்டூல்ல இருந்து எழுந்துட்டார்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஓரத்து டெர்மினல்ல இருந்து பாயிண்டுக்குப் போற அந்த வயர் விரல் நீளம் கூட இருக்காது. உறை காய்ஞ்சு வெடிச்சிருந்தது. தட்டு கடைசி வரைக்கும் திரும்பினா மட்டும் செம்பு உள்சுவர்ல படும். பட்டதும் ஸ்பார்க் போயிடும். வண்டி ஓரங்கட்டி, இன்ஜின் சுத்துறது நின்னதும் உறிஞ்சு சக்தி இல்ல, தட்டு பழைய இடத்துக்கு வந்துடும், வயர் விலகிடும். நீங்க பானட்டைத் திறக்கும்போது எல்லாம் நல்லா இருக்கும்! தேடும்போது மறைஞ்சுக்கிற பக்குனு கேள்விப்பட்டிருக்கோம், இது அசல் உதாரணம். கண்டென்சர் மாத்தினப்ப அந்த வயர் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். சில நாள் ஓடியிருக்கும். அதான் எல்லாரும் 'சரியாயிடுச்சு'ன்னு நம்பினாங்க. காயில் மாத்தினப்ப மட்டும் ஏன் ரெண்டு வாரம் ஓடுச்சுன்னு கேட்டா, அப்பவும் யாராவது மூடியைத் திறந்து பாயிண்டைப் பார்த்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

அங்க சாதாரண வயர் போடக் கூடாது. விறைப்பா இருந்தா தட்டைத் திரும்ப விடாது, கொஞ்ச நாள்ல முறிஞ்சும் போயிடும். பழைய வண்டிகளுக்கான நெகிழ்வான வயர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடத்துல தேடலாம். என் பையில ட்ரோனுக்காக ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின சிலிக்கான் உறை வயர் இருந்தது. மயிரிழை மாதிரி நிறைய செம்பு இழை, சூட்டையும் தாங்கும். அதையே வெட்டி, ரெண்டு முனையிலும் லக் வெச்சு அழுத்திப் போட்டேன். பாயிண்ட் கேப்பையும் 0.38 மில்லிமீட்டருக்கு வெச்சேன். திரும்ப உறிஞ்சிப் பார்த்தேன், பத்து தடவை. 12 வோல்ட் அசையல.

கூடவே ரெண்டு காரியம் பண்ணேன். காயிலுக்குப் போற வெள்ளை வயர் கிளையில, சுவிட்சுக்குப் பக்கத்துலயே 10 ஆம்ப் ஃபியூஸ் ஒண்ணு. ஃபியூஸ் தனக்குப் பின்னாடி இருக்கிற வயரை மட்டும்தான் காப்பாத்தும், அதனால காயில் கிட்ட வெச்சுப் பிரயோஜனம் இல்ல. அப்புறம், ஃபியூஸ் பெட்டியில ஒரு இடத்துல ஃபியூஸுக்குப் பதிலா செம்புக் கம்பி சுத்தியிருந்தது. அதை எடுத்தேன். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ்ல '35'ன்னு போட்டிருந்தா, அது 35 ஆம்ப்ல எரியும்னு அர்த்தம். தொடர்ந்து தாங்கிறது அதுல பாதிதான். இன்னைக்குக் கடையில கிடைக்கிற ஃபியூஸ்ல போட்டிருக்கிற எண் தொடர்ந்து தாங்கிற அளவு. அதனால 35-க்கு 35-னு வாங்கிப் போடாதீங்க, 15 அல்லது 20 போதும்.

அன்னைக்குச் சாயங்காலம் ஒரு விஷயம் நடந்தது. ஆரணியில தறி நெய்யுற பெரியம்மாவோட தம்பி வந்திருந்தார். பழைய சர்வீஸ் மேனுவலைப் பார்த்துட்டு இருந்தவர்கிட்ட, வெள்ளைக்காரன் இந்த வயர்க் கத்தையை 'லூம்'னு சொல்லுவான் மாமா, அதாவது தறின்னு சொன்னேன். அந்தக் காலத்துல வயருக்கு நூல் பின்னிய உறைதான், நிறம் காட்டுறதும் அந்த நூல்தான்னு விளக்கினேன். அவர் அதைப் பெருசா எடுத்துக்கல. "ஒரு இழை அறுந்ததுக்குப் பாவையே மாத்துவாங்களா? காயிலை எதுக்கு மாத்தினாங்க?"ன்னு மட்டும் கேட்டார்.

மறுநாள் டெஸ்ட். பெரியப்பா ஓட்ட, நான் பக்கத்துல, அண்ணன் பின் சீட்ல தண்ணி பாட்டிலும் தீயணைப்பு சிலிண்டருமா. (அந்தச் சின்ன சிலிண்டரை அண்ணன் அவசரமா வாங்கிட்டு வந்திருந்தான். வண்டி வெச்சிருக்கிற எல்லாரும் வாங்குங்க, எலக்ட்ரிக் தீயில தண்ணி ஊத்தாதீங்க.) போளூர் ரோட்ல அஞ்சு ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொண்ணையும் தாண்டி, வேணும்னே லேசா மிதிச்சு ஓட்டினார். நிக்கல. தூரத்துல பர்வதமலை தெரியுற இடத்துல வண்டியை ஓரங்கட்டினார். எனக்குத் திக்குனு ஆச்சு. டீ குடிக்கத்தானாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் காயலான் கடை பேச்சை எடுக்கல. ஆனா பெரியம்மா முன் சீட்ல உட்கார மாசி மாசம் வரைக்கும் ஒத்துக்கல.

போன வாரம் பெரியப்பா போன். வண்டி ஜோரா ஓடுதாம், ஆனா டேப் பாட மாட்டேங்குதாம். அதுக்கான லைனை யாரோ அந்த 'டைரக்ட்' வயர்ல இருந்துதான் இழுத்திருக்காங்க. உள்ளூர் ஆள் ஒருத்தர் அஞ்சு நிமிஷத்துல நேரா கொடுத்துடறேன்னு சொல்லியிருக்கார். நான் சனிக்கிழமை காலையில பஸ் ஏறிட்டேன்.